சென்டரா, சங்கமா, வீட்டுக்கு வரும் தெரபிஸ்டா? சிறப்புத் தேவைப் பிள்ளைக்கு இடம் தேடும்போது

மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அரசாங்க மருத்துவமனையில் பேச்சுச் சிகிச்சைக்குக் கிடைத்த அடுத்த தேதி பல வாரம் தள்ளி இருக்கிறது. அதுவரை பிள்ளையைச் சும்மா வைத்திருக்க மனம் வரவில்லை. மலேசியாவில், செந்தூலில் இருந்து கேட்டாலும் பிறையில் இருந்து கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: தனியாரிடம் போவதென்றால் எங்கே போவது?

கேட்பவர்கள் பெரும்பாலும் முறையைப் பற்றிக் கேட்கிறார்கள். ஏபிஏ எனும் நடத்தைப் பகுப்பாய்வுப் பயிற்சி நல்லதா, விளையாட்டு வழி நல்லதா என்று. அதை இங்கே தொடப்போவதில்லை. தொழில் நெறியை மட்டும் வைத்து எடைபோடுகிறோம். தப்பு நடந்தால் யார், யாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது கையில் இருக்கும் நான்கு வழிகளிலும் (தனியார் சென்டர், சங்கம், வீட்டுக்கு வரும் சிகிச்சையாளர், பள்ளியில் ஷேடோ ஆசிரியர்) வேறுவேறு. வண்ண விளம்பரத் தாளில் அது இருக்காது.

## எதை வைத்து எடை போடுவது

பதிவு. இடத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். “சிறப்புத் தேவை மையம்” என்று பலகை மாட்டிய இடம் கல்வி அமைச்சில் தனியார் கல்வி நிலையமாகப் பதிந்திருக்கலாம். பராமரிப்பு மையச் சட்டம் 1993-இன் கீழோ, தாஸ்கா எனும் குழந்தைக் காப்பகமாகவோ சமூக நல இலாகாவில் பதிந்திருக்கலாம். இவை எதுவுமே இல்லாமல் எஸ்எஸ்எம் எனும் கம்பெனிப் பதிவகத்தின் பதிவும் நகராட்சி வியாபார உரிமமும் மட்டுமே வைத்திருக்கலாம். கடைசி வகைக்குள் வந்து பிள்ளைகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று பார்ப்பவர் எவரும் இல்லை. எஸ்எஸ்எம் எண் கம்பெனி இருக்கிறது என்று சொல்லும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

ஆளைப் பொறுத்தவரை, 2016-இல் இயற்றப்பட்டு 2020-இல் நடப்புக்கு வந்த துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, பேச்சுச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், இயன்முறை சிகிச்சையாளர், மருத்துவ உளவியலாளர் எல்லாரும் பதிவு பெற வேண்டும் என்கிறது. பெயரைத் துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்தின் பதிவேட்டில் தேடலாம். நடப்பிலுள்ள தொழில் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். “பிஹேவியர் தெரபிஸ்ட்”, “லர்னிங் தெரபிஸ்ட்” போன்ற பட்டங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நடத்தைப் பகுப்பாய்வுக்குச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பான பிஏசிபி, சில விலக்குகள் தவிர, 2023 முதல் அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே இருந்து புது விண்ணப்பங்களை எடுப்பதில்லை. அதனால் இங்கே ஒருவரிடம் அந்தச் சான்று இல்லாததைக் குறையாகக் கொள்ள வேண்டாம். இருக்கிறது என்று சொன்னால் மட்டும் அந்த அமைப்பின் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டுப் பாருங்கள். 40 மணி நேரப் பயிற்சியோடு அதே அமைப்பு தரும் ஆர்பிடி எனும் உதவியாளர் சான்று, மேற்பார்வையில் வேலை செய்பவருக்கானது. அதை வைத்துக்கொண்டு தனியாகத் திட்டம் வகுக்க முடியாது.

எழுத்து. தனிநபர் கல்வித் திட்டத்தில் தொடக்க நிலை, இலக்கு, அளக்கும் விதம், மறுபார்வைத் தேதி நான்கும் இருக்க வேண்டும். “தொடர்புத் திறன் மேம்படும்” என்பது இலக்கே அல்ல. “வேண்டிய பொருளின் படத்தை, கைபிடிக்காமல், 10 வாய்ப்பில் 8 முறை எடுத்துக் கொடுப்பான். இப்போது 10-க்கு 1. மறுபார்வை 12 வாரத்தில்” என்பது இலக்கு.

சம்மதம். பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது, தனியே உட்கார வைப்பது, படம் எடுப்பது, வெளியார் வந்து பார்ப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கையெழுத்து வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாளில் சுருட்டிக் கீழே ஒரு கோடு போட்டுத் தந்தால் அதைச் சம்மதம் என்று ஏற்க முடியாது.

பணம். நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பும், யாருக்கு யார் கமிஷன் கொடுக்கிறார்கள்.

முறையீடு. நடத்துபவரைத் தாண்டி மேலே யாரிடம் போகலாம்.

## தனியார் சென்டர்

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இதுதான் கைக்கு எட்டும் வழி. நல்லதும் கெட்டதும் அதிகம் கலந்திருப்பதும் இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் சந்திப்பில் பேசுபவரும் தினமும் பிள்ளையோடு உட்காருபவரும் ஒருவரல்ல. மதிப்பீடு செய்து நம்பிக்கை கொடுப்பவர் பதிவுபெற்ற சிகிச்சையாளர். மறுநாள் முதல் மேசையில் இருப்பவர் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்து, வேலையில் சேர்ந்து இரண்டே மாதமான இளைஞர். இது தன்னளவில் தப்பில்லை, மேற்பார்வை இருந்தால். “சிகிச்சையாளர் வாரத்தில் எத்தனை மணி நேரம் என் பிள்ளையை நேரில் பார்ப்பார்? கடைசியாக எப்போது திட்டத்தை மாற்றினார், எதைப் பார்த்து?” என்று கேளுங்கள். பதிலில் தேதி வர வேண்டும். “அவர் எப்பவும் கவனிச்சிக்கிட்டுதான் இருப்பார்” என்பதற்கு, பார்ப்பதே இல்லை என்று அர்த்தம்.

கட்டணத்தை மாதக் கணக்கில் பார்க்காமல், ஒருவருக்கு ஒருவர் உட்காரும் மணிக்கணக்கில் பாருங்கள். கணக்குக்காக மாதம் 2,400 ரிங்கிட், வாரம் 5 நாள், நாளுக்கு 3 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 60 மணி நேரம், மணிக்கு 40 ரிங்கிட், மலிவாகத் தெரியும். சிற்றுண்டி, கழிப்பறை, குழு விளையாட்டு, அடுத்தவர் முறைக்குக் காத்திருப்பு எல்லாம் போக, தனியாக உட்காருவது நாளுக்கு 45 நிமிடம் என்றால் மாதம் 15 மணி நேரம்தான். மணிக்கு 160 ரிங்கிட். குழு நேரம் வீண் என்று சொல்லவில்லை, பல பிள்ளைகளுக்கு அதுவே பெரிய தேவை. ஆனால் தனி நேரத்துக்கான விலையைச் சொல்லிக் குழு நேரத்தைக் கொடுப்பது நெறி மீறல். சீனப் புத்தாண்டுக்கு ஒரு வாரம், தீபாவளிக்கு மூன்று நாள், ஆண்டிறுதி விடுமுறை என்று அடைத்தாலும் கட்டணம் முழுசாக ஓடும். பதிவுக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், பொருள் கட்டணம், ஒரு மாத டெபாசிட் ஆகியவற்றையும் சேர்த்து 12-ஆல் வகுத்தால்தான் உண்மை விலை தெரியும்.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “பிள்ளை மேசையை விட்டு எழுந்து ஓடினால், கடித்தால், என்ன செய்வீர்கள்?” நல்ல இடத்தில் எதிர்க்கேள்வி வரும். எந்த நேரத்தில் ஓடுகிறான், அதற்கு முன் என்ன நடந்தது, ஓடியதும் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று விசாரிப்பார்கள். காரணம் தெரியாமல் வைத்தியம் இல்லை. ஆபத்து வந்தால் மட்டும், குறைந்த நேரம், இரண்டு பெரியவர் முன்னிலையில் பிடிப்போம், அன்றே எழுதித் தருவோம் என்பார்கள். மோசமான இடத்தில் “கவலைப்படாதீங்க, ரெண்டு வாரத்துல அடங்கிடுவான்” என்பார்கள். குப்புறப் படுக்கவைத்து மேலே அழுத்துவது மூச்சை அடைக்கும். அப்படிச் செய்யும் இடத்தில் வேறு எது நன்றாக இருந்தாலும் வேண்டாம். பூட்டிய அறை, நாற்காலியில் பெல்ட்டால் கட்டுவது, காலைப் பசியோடு வரச்சொல்லிப் பிஸ்கெட்டால் வேலை வாங்குவது எல்லாம் அதே கணக்கில்தான் சேரும். தின்பண்டத்தைப் பரிசாகக் கொடுப்பது வேறு, சாப்பாட்டை நிறுத்தி வைப்பது வேறு.

பெற்றோர் உள்ளே பார்க்கக் கூடாது என்ற விதிக்குச் சில இடங்கள் “பிள்ளை கவனம் சிதறும்” என்று காரணம் சொல்கின்றன. முதல் சில நாளுக்கு அது சரி. மூன்றாவது மாதத்திலும் ஒருவழிக் கண்ணாடியோ கேமராப் பதிவோ முன்கூட்டிச் சொல்லாத வருகையோ எதுவும் இல்லை என்றால், மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கு: “வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்.” இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசப் பிள்ளையின் பேச்சை மேலும் பின்தள்ளுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை. பாட்டியோடு பேசும் மொழியை வெட்டினால் பிள்ளைக்குப் பேச ஆள் குறைவார்கள், அவ்வளவுதான். சென்டரில் தமிழ் தெரிந்தவர் இல்லை என்றால் அதை நேராகச் சொல்லலாம். தங்களுக்கு வசதியானதை மருத்துவ ஆலோசனையாக மாற்றுவது தொழில் நேர்மை ஆகாது.

“குணமாகும்” என்ற சொல் காதில் விழுந்தாலே எழுந்துவிடலாம். சத்து மாத்திரை, ஆக்ஸிஜன் அறை, ஸ்டெம் செல் ஊசி, உலோகம் நீக்கும் மருந்து எதற்கும் ஆட்டிசத்தைக் குணமாக்கும் ஆதாரம் கிடையாது. உலோகம் நீக்கும் ஊசி போட்டு 2005-இல் அமெரிக்காவில் ஒரு சிறுவன் இறந்தே போனான். ஆட்டிசத்துக்கு ஆக்ஸிஜன் அறை அங்கீகரிக்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் எச்சரித்தது. கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் தட்டவைத்து “பிள்ளையே எழுதுகிறான்” என்று காட்டும் முறையை அமெரிக்கப் பேச்சு மொழிச் சங்கம் 2018-இல் பயன்படுத்தவே கூடாது என்றது. சென்டரே இவற்றை விற்றாலும், விற்பவரிடம் அனுப்பிக் கமிஷன் வாங்கினாலும், உங்கள் பிள்ளைக்கு எது நல்லது என்று இனி அவர்கள் சொல்வதை நம்ப வழியில்லை.

சென்டர் பொருந்துவது: இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைக்குக் குழுவில் உட்காரப் பழக்கம் தேவை, பதிவுபெற்ற சிகிச்சையாளர் அங்கே நிரந்தரமாக இருக்கிறார்.

## தொண்டு நிறுவனமும் சங்கமும்

தேசிய ஆட்டிசச் சங்கமான நாசோம், பினாங்கில் ஆசியா சமூகச் சேவை போன்றவை இந்த வகை. கட்டணம் தனியாரைவிடக் குறைவு. சங்கமாகப் பதிந்தவை ஆண்டுக் கூட்டம் நடத்தி 60 நாளுக்குள் கணக்கைச் சங்கப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். கணக்கு வெளியே தெரிகிறது, செயற்குழு இருக்கிறது, பெற்றோரே உறுப்பினராகிக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். எந்தச் சென்டரிலும் இது கிடையாது.

விலை வேறு வடிவில் வரும். காத்திருப்புப் பட்டியல் நீளம். தொண்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பிள்ளை பழகிய முகம் ஆறு மாதத்தில் போய்விடும். நன்கொடையாளர் வருகிற நாளில் பாடம் நின்றுவிடும், பிள்ளைகள் பரிசுக்கூடையோடு வரிசையில் நிற்பார்கள், படம் மறுநாள் முகநூலில். இங்கேதான் பெற்றோர் வாயடைத்துப் போகிறார்கள். “இவ்வளவு கம்மியா செய்றாங்க, எப்படிக் கேட்கிறது?” என்ற கூச்சம். குறைந்த கட்டணம் வாங்குவதால் பிள்ளையின் முகத்தைப் பயன்படுத்தும் உரிமை வந்துவிடாது. படத்துக்கு மட்டும் “இல்லை” என்று எழுதிக் கொடுத்தால் நல்ல சங்கம் முகம் சுளிக்காது.

வருமானம் இறுக்கமாக இருந்தால், அல்லது பிள்ளைக்கு 13, 14 வயதாகித் தொழிற்பயிற்சி பக்கம் போக வேண்டியிருந்தால், இது முதல் தேர்வு. வளர்ந்த பிள்ளைகளை எடுக்கும் தனியார் சென்டர்கள் குறைவு.

## வீட்டுக்கு வரும் சிகிச்சையாளர்

பொறுப்பு ஒரே ஆளிடம். பதிவேட்டில் பெயர் இருந்தால், முறைகேட்டுக்கு நேராக மன்றத்தில் புகார் செய்யலாம். நான்கு வழிகளில் முறையீட்டுப் பாதை மிகத் தெளிவாக இருப்பது இதில்தான்.

கெடுவது எல்லை மங்கும்போது. வாராவாரம் வீட்டுக்கு வருகிறவர் ஆறு மாதத்தில் “அக்கா” ஆகிவிடுவார். தீபாவளிக்குச் சேலை, அவசரத்துக்குக் கைமாற்று, இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப். அதன்பிறகு “முன்னேற்றம் தெரியலையே” என்று கேட்க நாக்கு எழாது. சிற்றுண்டிக்கு மேல் எதுவும் வேண்டாம் என்று அவரே சொன்னால் அவர் தொழில் தெரிந்தவர்.

அரசாங்க மருத்துவமனையில் வேலை செய்பவர் வெளியில் பார்க்க அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அங்கே உங்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டு “இங்க லேட்டாகும், வீட்டுக்கு வர்றேன்” என்று தன் தனி எண்ணைக் கொடுப்பது வெளிப்படையான நலன் முரண். வேறு இரண்டு பெயர்களையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அது வேறு.

மறைமுகச் செலவு: பயணக் கட்டணம், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுக் கட்டணம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் சில இடங்களில் அதே விதி. அவர் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போனால் குறிப்புகளும் கூடவே போய்விடும். ஆகவே ஒவ்வொரு வருகையின் முடிவிலும் அரைப் பக்கக் குறிப்பு உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். அறைக் கதவு திறந்திருக்க வேண்டும், வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். இது சிகிச்சையாளருக்கும் பாதுகாப்பு.

பிள்ளைக்கு மூன்று வயதுக்குக் கீழ், அல்லது பேச்சு, சாப்பாடு என்று ஒரே குறிக்கோள், வீட்டில் கற்றுக்கொள்ள அம்மாவோ தாத்தாவோ இருக்கிறார்கள் என்றால் பணத்துக்கு அதிகப் பலன் இதில்தான். வாரத்தில் ஒரு மணி நேரம் வருபவரின் உண்மையான மாணவர் நீங்கள். உங்களைப் பக்கத்து அறைக்கு அனுப்புபவர் வேண்டாம்.

## தனியார் பள்ளியில் ஷேடோ ஆசிரியர்

ஷேடோ என்பவர் வகுப்பில் பிள்ளையின் கூடவே உட்கார்ந்து துணை செய்பவர். பள்ளி “எடுத்துக்கொள்கிறோம், ஷேடோ நீங்கள் பாருங்கள்” என்கிறது. சம்பளம் கொடுப்பது நீங்கள், கட்டளை போடுவது பள்ளி, பயிற்சி கொடுத்தது யாரும் இல்லை. பள்ளியில் பிள்ளைக்கு அடிபட்டால் இருவரும் மற்றவரைக் காட்டுவார்கள். சேரும் முன் மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்கம் வேண்டும்: ஷேடோ யாருடைய ஊழியர், யார் சொல்வதைக் கேட்க வேண்டும், அவருக்கு உடம்பு முடியாத நாளில் பிள்ளை வகுப்பில் இருக்கலாமா. கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறவர்கள், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு முழுப் பள்ளிக் கட்டணமும் கட்டுகிறார்கள். நீங்களே முதலாளி என்றால் சேமநிதி, பெர்கேசோ எனும் தொழிலாளர் காப்புறுதிப் பங்கும் உங்கள் கணக்கில் சேரும்.

இதில் நெறிச் சிக்கல் சத்தமில்லாமல் வரும். நல்ல ஷேடோவின் வேலை தன்னைத் தேவையில்லாமல் ஆக்குவது. ஆனால் பிள்ளை தேறினால் அவர் சம்பளம் போகும். அதனால் பென்சில் எடுத்துக் கொடுப்பது, விடையைக் காதில் சொல்வது என்று ஒட்டிக்கொண்டே இருப்பார். எந்தப் பாடவேளையில் எந்த மாதம் முதல் பின்வரிசைக்குப் போவார் என்று தொடக்கத்திலேயே எழுத வேண்டும். வகுப்புப் பாடத்தைப் பெரும்பாலும் பின்தொடர முடிந்த, மாறுதலிலும் கவனத்திலும் மட்டும் துணை தேவைப்படும் பிள்ளைக்கே இந்த வழி. மற்றபடி, சாதாரண வகுப்பின் மூலையில் தனி வகுப்பு நடத்துவதற்கு இரட்டைக் கட்டணம் கட்டுகிறீர்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சென்டர் | சங்கம் | வீட்டுச் சிகிச்சையாளர் | ஷேடோ |
|---|---|---|---|---|
| மேலே முறையிட | பதிவைப் பொறுத்து கல்வி அமைச்சு, சமூக நல இலாகா, அல்லது யாருமில்லை | செயற்குழு, ஆண்டுக் கூட்டம், சங்கப் பதிவகம் | துணைச் சுகாதாரத் தொழில் மன்றம் | பள்ளி நிர்வாகம். ஷேடோவுக்கு யாருமில்லை |
| மறைந்த செலவு | தனி நேரம் குறைவு, விடுமுறைக் கட்டணம், டெபாசிட் | காத்திருப்பு, ஆள் மாற்றம் | பயணம், ரத்துக் கட்டணம் | இரட்டைக் கட்டணம், சேமநிதி |
| முதலில் கெடுவது | மேற்பார்வை | படமும் கூச்சமும் | எல்லை | பொறுப்பு |

அரசாங்கப் பள்ளியின் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வித் திட்டமான பிபிகேஐ இந்த அட்டவணையில் இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை, மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு, 2013-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி பிள்ளை பொருந்துகிறதா என்று பார்க்க அதிகபட்சம் மூன்று மாதச் சோதனைக் காலம் உண்டு, 2019 முதல் எந்தப் பிள்ளையையும் மறுக்கக் கூடாது என்ற கொள்கை இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளில் சிலவற்றில் மட்டுமே இந்த வகுப்பு உண்டு என்பதுதான் நம்மவர்களுக்குச் சங்கடம். “அங்க போட்டா கெட்டுப்போயிடும், ஏழு வயசுக்கு அப்புறமும் இங்கேயே இருக்கட்டும்” என்று சென்டர் சொன்னால், யாருடைய வருமானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று யோசியுங்கள். காலையில் பிபிகேஐ, வாரம் இரண்டு மாலை சிகிச்சை என்ற கலவையும் பலருக்கு ஒத்துவரும்.

## பணம் கட்டும் முன்னும், வெளியேறும்போதும்

நான்கு வார வெள்ளோட்டம் கேளுங்கள், ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், பத்து சதவீதக் கழிவு கொடுத்தாலும். பிள்ளைகளுக்கு எதிராகக் குற்றம் செய்தவர்களைப் பதியும் சமூக நல இலாகாவின் பதிவேட்டில் ஊழியர்களைச் சரிபார்த்தார்களா என்று கேளுங்கள். கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். நேரில் நன்றாகப் பேசுகிறவர் எழுதத் தயங்கினால் அந்தத் தயக்கமே போதுமான பதில்.

வரிக் கழிவு ஒரு நல்ல சோதனைக் கருவி. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கற்றல் குறைபாட்டு மதிப்பீட்டுக்கும் ஆரம்பத் தலையீட்டுக்கும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் கழிவு உண்டு; 2025 வரி ஆண்டில் அது 6,000 ரிங்கிட் வரை இருந்தது. மருத்துவச் செலவுக்கான மொத்த 10,000-க்குள் அது அடங்கும். மதிப்பீடு பதிவுபெற்ற மருத்துவரும், சிகிச்சை சட்டம் 774-இல் பதிந்தவரும் செய்திருக்க வேண்டும். “ரசீதில் சிகிச்சையாளர் பெயரும் பதிவு எண்ணும் போடுவீர்களா?” என்று கேட்டால் உள்ளே யார் இருக்கிறார் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உடம்பில் காரணம் தெரியாத தழும்பு இருந்தால் சென்டரோடு பேச்சுவார்த்தை கடைசி. முதலில் தேதியோடு படம், அன்றே அரசாங்க மருத்துவமனை, போலீஸ் புகார், தாலியான் காசே உதவித் தொலைபேசி 15999. பிள்ளை மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் போலீசில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். “உள்ளுக்குள்ளேயே தீர்த்துக்குவோம்” என்று எந்த நிர்வாகமும் கேட்க முடியாது. டெபாசிட் தகராறு என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 வரையிலான கோரிக்கையை எடுக்கும். ஆனால் சுகாதாரத் தொழில் வல்லுநர் அளிக்கும் சிகிச்சைச் சேவை பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வெளியே. ரசீதில் “வகுப்புக் கட்டணம்”, “சிகிச்சைக் கட்டணம்” என்று பிரித்து எழுதச் சொல்வது இங்கேயும் உதவும்.

இடம் மாறும்போது திட்டம், தரவுத் தாள், சம்பவக் குறிப்பு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பிள்ளையின் உடல், மன நலத் தகவல் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கூடுதல் பாதுகாப்புக்குரிய “சென்சிட்டிவ்” தரவு. வியாபாரமாக நடத்துபவர் கேட்ட 21 நாளுக்குள் அதைப் பார்க்கத் தர வேண்டும். அந்தச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது, எனவே பிபிகேஐயில் தலைமையாசிரியருக்கும் பிறகு மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் கடிதம். பாக்கிக் கட்டணத்தைக் கட்டினால்தான் அறிக்கை தருவோம் என்று சென்டர் சொன்னால், பாக்கி வேறு, அறிக்கை வேறு என்று எழுதி அனுப்பிவிட்டு அன்று முதல் அந்த 21 நாளை எண்ணத் தொடங்குங்கள்.